யாருக்கும் படியாத கத்தரிக்கோல்

நாத்தனாரைப் பற்றி அண்ணி நல்லவிதமாக எழுதினால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். இருபத்தாறு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே கடையில் வேலை பார்க்கிறேன். சண்டை போட்டிருக்கிறோம். ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக இரண்டு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். இல்லாத பெருமையைச் சொல்லி அவளைத் தூக்கிவிட எனக்கு ஒரு அவசியமும் இல்லை. அதனால் இதை எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

எங்களுடையது தையல் கடை. கீழே கடை, மேலே வீடு. ஆண்களுக்கான கோட்டு, பேண்ட், சீருடை எல்லாம் தைக்கிறோம். எட்டு மிஷின் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். நான் முன்னால் நின்று அளவு எடுத்து நோட்டில் எழுதுவேன், வருகிறவர்களோடு வாயாடுவேன். நாத்தனார் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா போடுவாள். பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி ஊசியால் நெருக்கமாகக் கட்டும் வேலை அது. பதினைந்து வயதில் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவள் நாற்பத்து மூன்று வயதிலும் அங்கேயே இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், அதை நடத்திக் காட்டினாள். கட்டிங் மேசை வேண்டும் என்றாள், அது மட்டும் நடக்கவில்லை.

தையல் கடையில் வெட்டுகிறவர் வைத்ததுதான் சட்டம். தையல் பிசகினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். வெட்டு பிசகினால் துணி போனது போனதுதான். அதனால் அந்த மேசையை யாரும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவளுக்குப் பதினைந்து வயதில் என் மாமனார் ஒரு லைனிங் துணியைக் கொடுத்து வெட்டச் சொன்னாராம். அவள் கத்தரியை இடது கையில் எடுத்திருக்கிறாள். அந்தக் கையில் ஒரு அடி. வலது கைக்கு மாற்றி வெட்டினாள். கோடு ஒரு பக்கம் போக, வெட்டு இன்னொரு பக்கம் போனது. "உனக்கு வெட்ட வராது" என்று மாமனார் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அவள் வலது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். டப்பா திறப்பது, குழாய் திருகுவது, கோபம் வந்தால் எதையாவது தூக்கி எறிவது, இதெல்லாம் மட்டும் இன்னும் இடது கைதான். அந்த எறிகிற கை தப்பாது என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி கண்ணாடிப் பெட்டிக்கு வருகிறேன்.

கடையைத் தொடங்கியவர் என் வீட்டுக்காரரின் தாத்தா. மாஸ்டர் தாத்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம். முன்சுவரில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. ஆறடி உயரம், அகன்ற தோள், கோட்டு போட்டுக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்து அளவு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவருடைய பெரிய கத்தரிக்கோல், வெட்டும்போது கட்டிக்கொள்ளும் ஏப்ரன், ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற பித்தளை உறை. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பெட்டியைக் காட்டிப் பேச வேண்டியது என் வேலை. புதுப் பெண்ணாக வந்தபோது மாமனார் எனக்கு மனப்பாடம் செய்வித்த பாடம் அது.

கத்தரிக்கோல் அவர் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் படியாது. உண்மைதான்; மாமனார் முயன்றார், என் வீட்டுக்காரர் முயன்றார், வெட்டாமல் துணியை மென்று துப்பியது. சாணை பிடிக்கிறவரிடம் இரண்டு முறை கொடுத்தோம். "இதுல ஒரு குறையும் இல்லையே" என்று இரண்டு முறையும் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரன் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டால், துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். அவர் காலத்துக் கட்டிங் மேசை இன்றைக்கும் எங்கள் கடையில்தான் இருக்கிறது. அது ஏன் இவ்வளவு குள்ளம் என்று கேட்டால், தாத்தா தொழிலுக்குத் தலைவணங்கி, குனிந்துதான் வெட்டுவார் என்று சொல்ல வேண்டும். அந்த வணக்கத்தால் மாமனாருக்கு ஆயுள் முழுக்க இடுப்பு வலி. என் வீட்டுக்காரர் விவரமானவர். மேசை தன் கைக்கு வந்ததும் நான்கு கால்களுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து மேசையை உயர்த்திவிட்டார்.

இருபத்தாறு வருடமாக இந்தப் பாடத்தை ஒப்பித்தவள் நான். ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன வருடம் ஒரு புதன்கிழமை, மேல் அலமாரியிலிருந்து துணிக்கட்டை இழுக்கும்போது என் வீட்டுக்காரர் ஸ்டூலோடு சாய்ந்தார். வலது தோளில் எலும்பு விரிசல். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் அப்போது ஒரு ஓட்டலின் ஊழியர்களுக்கு முப்பத்திரண்டு கோட்டுக்கான துணி வந்து இறங்கியிருந்தது. ஒரு மாதத்தில் கொடுக்க வேண்டும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

"வெளியிலேர்ந்து ஒரு கட்டரைக் கூப்பிட்டிருக்கேன். திங்கட்கிழமை வர்றாரு" என்றார் அவர்.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "நான் வெட்டறேண்ணா."

"உனக்கு வெட்ட வராதும்மா."

"யார் சொன்னா?"

"அப்பா சொன்னாரு. விளையாடாதே. நம்ம வீட்டுல எந்தப் பொம்பளை கத்தரி பிடிச்சிருக்கா?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். வாளிச் சண்டையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

மறுநாள் மதியம், மிஷின்காரர்கள் சாப்பிடப் போன நேரம், பழைய செய்தித்தாள்களை மேசையில் விரித்துக் கோடு போட்டு வெட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்காரரின் கத்தரியை வலது கையில் பிடித்து வெட்டினாள், கோணல். இடது கைக்கு மாற்றினாள். கத்தரி பேப்பரை வெட்டாமல் மடித்து இழுத்தது. மறுபடியும் வலது. மறுபடியும் இடது. நான் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காலடியில் பேப்பர்த் துண்டுகள் குவிந்தன. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

"போதும் விடு. அதுக்குன்னு ஒரு கை வேணும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராக முன்சுவருக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். தாத்தாவின் கத்தரியை, கோபத்தில் எதையும் எடுக்கிற மாதிரியே, இடது கையில் எடுத்தாள். மேசைக்கு வந்து ஒரு தாளில் வைத்து அழுத்தினாள்.

கத்தரி கோட்டின் மேலேயே ஓடியது. சரசரவென்று கடைசி வரைக்கும் ஓடி, தாள் இரண்டாக விழுந்தது.

இரண்டு பேரும் விழுந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இன்னொரு தாளை எடுத்தாள். இந்த முறை வளைவு போட்டாள், கோட்டுத் துணியில் கை நுழைகிற இடத்துக்கு வருமே அந்த மாதிரி வளைவு. அதுவும் பிசகவில்லை. பிறகு ஒரு துண்டுத் துணி. அதுவும்.

"அண்ணி, நீங்க வலது கையில பிடிச்சுப் பாருங்க."

பிடித்தேன். கட்டை விரல் உறுத்தியது, கத்தரி துணியை மென்றது. அவள் கத்தரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழக்கமாக மேலே வர வேண்டிய அலகு இதில் கீழே இருந்தது. கைப்பிடி வளைவுகளும் இடது கை விரல்களுக்கென்றே வளைத்தவை.

"இது இடது கைக் கத்தரி அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

மூன்று தலைமுறைத் தையல்காரர்கள். ஒரு நூல் இழை பிசகினால் கண்டுபிடித்துவிடுவார்கள். இவ்வளவு பெரிய கத்தரியை மட்டும் மரியாதையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட அதை இன்னொரு கையில் பிடித்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் இடது கையால் எதையும் தொடக்கூடாது, தாத்தாவின் சாமானை நிச்சயமாகத் தொடக்கூடாது.

"அப்ப தாத்தா இடது கைக்காரரா?" என்றேன்.

அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள். தாத்தாவின் பேனா வலது கையில் இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஏப்ரனை எடுங்க அண்ணி" என்றாள்.

அடுத்த இரண்டு நாளில் அவள் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆள் வராமலேயே ஆளுக்கு அளவு எடுத்தாள். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏப்ரனை மேசையில் விரித்து, ஓரத் தையலை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். துணி சுருங்கினால் தையல் இடத்தில் இழுத்துப்பிடித்துச் சுருக்கம் விழும். ஒரு சுருக்கமும் இல்லை. அது தைத்தபோதே அந்த அளவுதான். கோடு போடுகிற சாக்குக்கட்டி வைக்கும் பாக்கெட் இடது பக்கம் இருந்தது. மார்புப் பக்கம் இரண்டு மடிப்பு பிடித்துத் தைத்திருந்தது. நான் அளவு எடுக்கிறவள், அந்த மடிப்பு எதற்கு என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறடி ஆம்பளைக்கு அதற்கு அவசியமில்லை. விரல் உறையைப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய சின்ன விரலுக்கே சரியாக இருந்தது.

கடைசியாக மேசை. செங்கல்லை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் அளந்தாள். இருபத்தெட்டு அங்குலம். வெட்டுகிறவரின் முழங்கைக்கு ஒரு சாண் கீழே மேசை இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை வைத்து உயரம் போட்டாள். அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, நான் வாடிக்கையாளருக்கு எழுதுவது போலவே எழுதினாள். உயரம் நாலடி பத்து. ஒல்லி. சின்னக் கை. இடது கைப் பழக்கம். பெண். பெயர் எழுதுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அந்த நோட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். அவர் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தட்டோடு போராடிக்கொண்டிருந்தார்.

"இடது கையால சாப்பிடறியேண்ணா. அப்பா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள்.

அவர் முறைத்தார். நோட்டைப் படித்தார். கத்தரியைப் பார்த்தார். "படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருப்பான். அந்தக் காலத்துல அப்படி நடக்கும். தாத்தா இடது கைக்காரராத்தான் இருந்திருப்பாரு" என்றார். தோற்றுப்போக மனமில்லாத ஆள் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குவாரே, அப்படித் தொங்கினார்.

"தாத்தா போட்டிருக்கிற கோட்டைப் பாருண்ணா. எந்தப் பக்கம் மேல வருது?"

ஆண்கள் கோட்டில் போடுகிறவரின் இடது பக்கம்தான் மேலே வந்து பட்டன் விழும். படத்திலும் அப்படியே இருந்தது. படம் திருப்பிப் போட்டிருந்தால் பட்டனும் திரும்பியிருக்கும். இதற்கு மேல் ஒரு தையல்காரரால் வாதாட முடியாது.

இடது கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தார். பிறகு, "இஸ்திரி அத்தை" என்றார்.

இஸ்திரி அத்தை என்றால் தாத்தாவின் அக்கா. புருஷன் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்து, பின்னறையில் கடைசி வரைக்கும் இருந்தவர். கரிப் பெட்டியைப் பற்றவைத்துத் துணி தேய்த்துக் கொடுத்தார் என்பது மட்டும்தான் அவரைப் பற்றிக் குடும்பத்தில் சொல்வது. படம்கூடக் கிடையாது.

"எனக்கு ஆறு வயசிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "அத்தை ரொம்பத் தளர்ந்துட்டாங்க. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு மிட்டாய் நீட்டினாங்க. இடது கையால. அப்பா வந்து கையத் தட்டிவிட்டாரு. மிட்டாய் கீழ விழுந்துடுச்சு."

"அழுதாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. குனிஞ்சு எடுத்தாங்க. புடவையில தொடச்சாங்க. மறுபடியும் அதே கையால நீட்டினாங்க."

"நீ வாங்கினியாண்ணா?" என்றாள் நாத்தனார்.

அவர் தலையை ஆட்டினார். வாங்கவில்லை.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே பூசி மெழுக விரும்பவில்லை. மாமனார் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இந்தக் கடையிலேயே வளர்ந்தவர். ஒரு பெண் வெட்டிய கோட்டு என்று தெரிந்தால் ஆட்கள் வர மாட்டார்கள் என்ற பயமோ என்னவோ, அத்தையின் மேசை, அத்தையின் ஏப்ரன், அத்தையின் கத்தரி எல்லாவற்றையும் தூக்கித் தாத்தா பெயரில் வைத்துவிட்டார். அதே கை தன் மகளுக்கும் வாய்த்தபோது அடித்தார். செத்துப்போனவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், நான் படுகிறேன். தாத்தாவைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்தக் காலத்தில் இடது கைக் கத்தரி எங்கே கிடைத்திருக்கும்? அக்காவுக்காக எங்கெங்கோ விசாரித்து வாங்கியிருக்கிறார். அளவு எடுத்தது அவர், வெட்டியது அக்கா. தன் வாழ்நாளில் அவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது. அவரை யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் என்னைப் போலக் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. நோட்டை இழுத்து, காலியாக இருந்த இடத்தில் 'இஸ்திரி அத்தை' என்று எழுதினாள். இடது கையால் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது, அவள் கவலைப்படவில்லை.

"நம்ம வீட்டுல எந்தப் பொம்பளை கத்தரி பிடிச்சிருக்கான்னு கேட்டியே. இவங்க பிடிச்சிருக்காங்க. இப்ப நான் பிடிக்கறேன். திங்கட்கிழமை வர்ற கட்டரை வர வேண்டாம்னு சொல்லு."

"ஒரு கோட்டு வெட்டு. பாக்கலாம்" என்றார் அவர். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதல் கோட்டு கதையில் வருவது போல அமைந்துவிடவில்லை. உயரம் பற்றாததால் மேசை முன்னால் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, முன்பக்கம், பின்பக்கம், காலர் எல்லாம் அழகாக வெட்டினாள். துணியை மடிக்காமல் ஒற்றையாகப் போட்டு வெட்ட வேண்டிய கைப்பகுதியில், அளவுக்கு வெட்டி வைத்த பேட்டர்ன் அட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். இரண்டும் ஒரே கைக்கு வந்து நின்றன. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவர் வாயைத் திறக்க அவள் இடம் கொடுக்கவில்லை. மிச்சத் துணியை எடுத்து, பேட்டர்னை நெருக்கிப்போட்டு, நூல் போகும் திசையைப் பார்த்து, மறுபடியும் நகர்த்தி, ஒரு மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அரை அங்குலம் மிஞ்சுகிற மாதிரி இன்னொரு கையை வெட்டி எடுத்துவிட்டாள். அவர் எழுந்து போய், நல்ல கையால் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார்.

"முதல் கோட்டுல நான் ரெண்டு கையையும் குட்டையா வெட்டினேன்" என்றார். இத்தனை வருடத்தில் எனக்கே சொல்லாத ரகசியம் அது.

மறுநாள் முதல் அவர் ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டர்ன் நகர்த்தச் சொன்னார். அவள் பாதியைக் கேட்டாள், பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பலகையில் ஏறினால் மிஷின்கள் நிற்கும்போதுதான் இறங்குவாள். கட்டை விரல் அடியில் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். முப்பத்திரண்டு கோட்டும் நாளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. ஓட்டல் மேனேஜர் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர் கை நல்லாயிடுச்சு போல" என்றார். "மாஸ்டர் அதோ நிக்கறாங்க" என்று பலகையைக் காட்டினேன். அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் முடிந்தது. என் வீட்டுக்காரர் கட்டைப் பிரித்துக்கொண்டு, மருந்து வாசனையோடு கடைக்குள் வந்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோர் கண்ணும் மேசை மேல்தான். வேலைக்காரர்களில் யாரோ, எனக்கு யார் என்று தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன், நல்லெண்ணத்தில் ஜன்னலோர நாற்காலியின் தூசியைத் தட்டி வைத்திருந்தார்.

நாத்தனார் பலகையை விட்டு இறங்கவில்லை. கத்தரியையும் கீழே வைக்கவில்லை.

"அண்ணா, நான் ஜன்னலுக்குப் போக மாட்டேன்" என்றாள்.

அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் ஓவர்லாக்காரரைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்குங்க" என்றார். மேசையையே வெளியேற்றப்போகிறாரா இந்த மனுஷன்? அவரும் இன்னொருவரும் ஒரு மூலையைத் தூக்க, என் வீட்டுக்காரர் மண்டியிட்டு, இடது கையால் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார். அடுத்த மூலை. அதற்கடுத்தது. எட்டுச் செங்கல்லும் வெளியே வந்தன. மேசை தன் பழைய இருபத்தெட்டு அங்குலத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தது.

"எனக்கு வேற மேசைக்குச் சொல்லியாச்சு" என்றார் எழுந்துகொண்டே. "இது எனக்கு எப்பவுமே இடுப்பு வலிதான்."

அவள் பலகையை விட்டு இறங்கினாள். மேசையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தாள். முழங்கைக்குச் சரியாக ஒரு சாண் கீழே இருந்தது.

அவர் இரண்டு செங்கல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குப்பையில் போடப்போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். வாசலில் செங்கல்லை வைத்து, அதில் ஒரு அட்டையைச் சாய்த்து நிறுத்தினார். எப்போது எழுதினாரோ தெரியாது. வலது தோள் இன்னும் தேறாததால் இடது கையாலேயே எழுதியிருக்கிறார், எழுத்தெல்லாம் கோணல்.

'காஜா போட ஆள் தேவை. இடது கைக்காரர்களும் வரலாம்' என்று இருந்தது.